கிருமியின் வெளிச்சவ்வுப் புரதங்களும் நோய்த்தொற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்ச்சர் ரிப்போர்ட் எழுதுவதும், மைக்ரோபயாலஜியும் நர்சிங்கும் படிக்கும் பிள்ளைகளுக்கு லேபில் பாடம் எடுப்பதும் என் வேலை. ஒவ்வொரு வருடமும் புதிய முகங்கள் வருகின்றன, கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ரிப்போர்ட் வாங்க வரும் நோயாளிகளின் வீட்டாரும் இவற்றில் பாதியைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கேள்விகளை எழுதிவைத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் பின்னால் வரும் கேள்விகள் எளிதாகப் பிடிபடும்.

வெளிச்சவ்வுன்னா என்ன மேடம்? எல்லா பாக்டீரியாவுக்கும் அது இருக்குமா?

இருக்காது. 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயமுறையைத்தான் இன்றும் தினமும் செய்கிறோம். ஸ்லைடில் ஊதாவாகத் தெரிபவை கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பாகத் தெரிபவை கிராம் நெகட்டிவ். ஊதாக் கிருமிகளுக்குச் செல்சுவர் தடிமனாக இருக்கும், அதற்கு வெளியே வேறு சவ்வு கிடையாது. இளஞ்சிவப்புக் கிருமிகளுக்குச் சுவர் மெல்லியது. ஆனால் அதற்கு மேல் இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கும். அதுதான் வெளிச்சவ்வு. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், டைபாய்டு உண்டாக்கும் சால்மொனெல்லா, காலரா கிருமி எல்லாம் இந்த வகை.

சவ்வை நேரில் பார்க்க எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அது செய்யும் வேலையைப் பார்க்க, லேபில் கிருமி வளர்க்கும் மேக்கான்கி அகார் தட்டு ஒன்றே போதும். அந்த அகாரில் பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் கலந்திருக்கும். இரண்டும் கிராம் பாசிட்டிவ் கிருமிகளை வளரவிடாது. ஈ.கோலையோ மறுநாள் காலையில் ரோஜா நிறத்தில் வட்ட வட்டமாக வளர்ந்து நிற்கும். பித்தம் ஓடும் குடலுக்குள் அது வாழப் பழகியதற்கு அந்த வெளிச்சவ்வு ஒரு முக்கியமான காரணம்.

சவ்வு இருந்தா போதாதா, அதுல புரதம் எதுக்கு?

கதவே இல்லாமல் சுற்றிலும் சுவர் எழுப்பினால் உள்ளே இருப்பவர் பட்டினிதான். வெளிச்சவ்வின் மேல்பக்கம் லிப்போபாலிசாக்கரைடு என்ற சர்க்கரைக் கொழுப்பு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டி உணவு எளிதில் உள்ளே போகாது. அதனால் கிருமி அந்தச் சவ்வில் பீப்பாய் வடிவப் புரதங்களைச் செருகி வைத்திருக்கிறது. புரதச் சங்கிலி முன்னும் பின்னும் மடிந்து, பட்டைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து, நடுவில் துளையுள்ள பீப்பாய் ஆகிறது. ஓம்ப்-ஏ என்ற புரதத்துக்கு 8 பட்டைகள், போரின் என்ற கதவுப் புரதங்களுக்கு 16.

போரினில் நுழையக்கூடியவை ஏறத்தாழ 600 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடைக்குள் இருக்கும் சின்ன மூலக்கூறுகள். மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் 383 டால்டன், அதனால் நுழைந்துவிடும். வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் சுமார் 1450 டால்டன், நுழையாது. வான்கோமைசின் ஏன் ஈ.கோலைக்கு வேலை செய்வதில்லை என்று தேர்வில் கேட்டால் இந்த இரண்டு எண்களை எழுதினாலே விடை முக்கால்வாசி முடிந்துவிடும்.

அப்போ இந்தப் புரதங்கள்தான் காய்ச்சல் வரவைக்குதா?

பெரும்பாலும் அது லிப்போபாலிசாக்கரைடின் வேலை. என்டோடாக்சின் என்று பாடப்புத்தகம் சொல்வது அதைத்தான். கிருமி ரத்தத்தில் உடையும்போது அது வெளியே வந்து உடம்பின் எச்சரிக்கை மணியை அடிக்கிறது. காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது, செப்சிஸ் எல்லாம் அங்கிருந்து தொடங்குகின்றன.

புரதங்களின் பங்கு அதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. ஒட்டுவது, நுழைவது, உடம்பின் தாக்குதலிலிருந்து தப்பிப்பது, உணவு தேடுவது. இந்த நாலும் முடியாத கிருமி மணி அடிக்கும் அளவுக்குப் பெருகாது.

யூரின் இன்ஃபெக்ஷன்ல, சிறுநீர் போற வேகத்துக்குக் கிருமி அடிச்சிட்டுப் போயிடாதா?

நல்ல கேள்வி. சிறுநீர்ப்பையின் உள்சுவரில் இருக்கும் புரதங்களில் மானோஸ் என்ற சர்க்கரை தொங்கிக்கொண்டிருக்கும். ஈ.கோலையிடம் மெல்லிய ரோமம் போன்ற பைலஸ் உண்டு. அதன் நுனியில் ஃபிம்-ஹெச் என்ற புரதம் உட்கார்ந்து அந்தச் சர்க்கரையைக் கவ்வுகிறது. ஓட்டம் வேகமாகி இழுக்கும்போது பிடி தளர்வதற்குப் பதில் இறுகுகிறது. இழுவிசை பட்டதும் ஃபிம்-ஹெச்சின் வடிவம் மாறி, சர்க்கரையை இன்னும் ஆழமாகப் பற்றிக்கொள்கிறது. ஓட்டம் தணிந்ததும் பிடி இளகி, கிருமி மெல்ல நகர்ந்து வேறு இடம் பிடிக்கிறது.

ஃபிம்-ஹெச் கண்டிப்பாகப் பார்த்தால் வெளிச்சவ்வுப் புரதம் இல்லை, ரோமத்தின் நுனி. ஆனால் அந்த ரோமம் வெளியே வரும் வழி ஒரு வெளிச்சவ்வுப் புரதம்தான். அதன் பெயர் ஃபிம்-டி, 24 பட்டைப் பீப்பாய். சும்மா இருக்கும்போது அதன் வாயில் அடைப்பு இருக்கும். ரோமம் கட்டும் வேளையில் அடைப்பு விலகி, துண்டு துண்டாக ரோமம் வெளியே வரும். ஃபிம்-டி இல்லாத ஈ.கோலைக்கு இந்த ரோமமே கிடையாது.

அப்போ மானோஸ் பொடி கலக்கிக் குடிச்சா கிருமி அதுல ஒட்டி வெளிய போயிடும்னு சொல்றாங்களே?

யோசனை அறிவுப்பூர்வமானதுதான், நானும் நம்பிக்கையோடு எதிர்பார்த்தேன். ஆனால் பிரிட்டனில் அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் ஏறத்தாழ 600 பெண்களிடம் 6 மாதம் தினமும் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2024-இல் வந்தது. மானோஸ் குடித்தவர்களுக்கும் வெறும் சர்க்கரை குடித்தவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. காசு கொடுத்து வாங்கவேண்டாம் என்றுதான் என்னைக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

ஒட்டிக்கிறது புரியுது. செல்லுக்குள்ள எப்படிப் போகுது?

இரண்டு உதாரணம் சொல்கிறேன், இரண்டும் எனக்கு மிகப் பிடித்தவை. 1985-இல் இஸ்பெர்க், ஃபால்கோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸ் என்ற கிருமியின் மரபணுப் பகுதி ஒன்றை எடுத்து, லேபில் வளரும் சாதுவான ஈ.கோலைக்குள் வைத்தார்கள். அதுவரை மனித, விலங்கு செல்களுக்குள் நுழையத் தெரியாத ஈ.கோலை நுழைய ஆரம்பித்தது. அந்த மரபணு தயாரிக்கும் வெளிச்சவ்வுப் புரதத்துக்கு இன்வேசின் என்று பெயர். நம் செல்லின் மேல் இருக்கும் இன்டெக்ரின் என்ற கைப்பிடியை அது இறுகப் பிடிக்கிறது. பிடி இறுகினால் செல் தானாகவே சவ்வை நீட்டிக் கிருமியைப் போர்த்தி உள்ளே எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ.கோலை வகை. அதன் வெளிச்சவ்வில் இன்டிமின் என்ற புரதம் இருக்கிறது. இன்டிமின் நம் குடல் செல்லில் இருக்கும் ஏதோ ஒரு புரதத்தோடு ஒட்டுகிறது என்று தெரிந்திருந்தது. அது நம்முடைய புரதம் என்றே எல்லோரும் நினைத்தார்கள், அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். 1997-இல் உண்மை தெரிந்தது. அது நம்முடையது இல்லை, கிருமி தயாரித்தது. ஊசி போன்ற ஒரு கருவியால் கிருமி அந்தப் புரதத்தை நம் செல்லுக்குள் செலுத்துகிறது. புரதம் செல்லின் சவ்வில் போய் நிற்கிறது. வெளியே காத்திருக்கும் இன்டிமின் அதைப் பிடித்துக்கொள்கிறது. டிர் என்று அதற்குப் பெயர். பிடித்த இடத்துக்கு அடியில், செல்லுக்கு எலும்புக்கூடு போல இருக்கும் புரத இழைகள் திரண்டு மேடை போல் எழும்பி, கிருமியைத் தாங்கி நிற்கும். இந்தக் கிருமி உள்ளேகூடப் போவதில்லை, அந்த மேடையில் உட்கார்ந்தபடியே குடலின் உறிஞ்சும் மயிர்களைத் தேய்த்து அழிக்கிறது.

ரத்தத்துல காம்ப்ளிமென்ட் இருக்கே, அது கிருமியை ஓட்டை போட்டுக் கொன்னுடாதா?

காம்ப்ளிமென்ட் என்பது ரத்தத்தில் ஓடும், கிருமியின் சவ்வில் துளை போடும் புரதக் கூட்டம். சாதாரணக் கிராம் நெகட்டிவ் கிருமிகளை அது கொன்றுவிடும். வெளிச்சவ்வில் துளை விழுந்தால் அவற்றால் தாங்க முடியாது. ஆனால் நம் செல்களையே காம்ப்ளிமென்ட் தாக்கிவிடக்கூடாதல்லவா? அதற்காக ரத்தத்தில் ஃபாக்டர் ஹெச் என்ற காவல் புரதம் ஓடுகிறது. எந்தப் பரப்பில் அது ஒட்டியிருக்கிறதோ அங்கே தாக்குதல் அடங்கும். கெட்டிக்காரக் கிருமிகள் இந்தக் காவலரைப் பிடித்துத் தங்கள் மேலேயே நிறுத்திக்கொள்கின்றன. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் அதற்காகவே ஃபாக்டர் ஹெச்சைப் பிடிக்கும் புரதம் ஒன்றை வைத்திருக்கிறது. அது மனிதனின் ஃபாக்டர் ஹெச்சை மட்டும் நன்றாக அடையாளம் காணும்.

பிளேக் கிருமியிடம் எயில் என்ற 8 பட்டைச் சின்னப் பீப்பாய் இதே வேலையைச் செய்கிறது. அதோடு பிளா என்ற இன்னொரு வெளிச்சவ்வுப் புரதமும் உண்டு, அது கத்தரிக்கோல் மாதிரி. ரத்தக்கட்டியைக் கரைக்க நம் உடம்பு வைத்திருக்கும் பிளாஸ்மினோஜனை வெட்டித் தூண்டிவிடுகிறது. கிருமியைச் சுற்றி அடைக்க உடம்பு கட்டும் வேலி கரைந்து, கிருமி பரவ வழி கிடைக்கிறது. இன்னொரு செய்தி: பிளேக் கிருமி முந்தைய கேள்வியில் சொன்ன யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸிலிருந்துதான் பிரிந்து வந்தது. வந்த வழியில் இன்வேசின் மரபணு உடைந்துபோனது. தெள்ளுப்பூச்சி கடித்து நேராக உள்ளே போகும் கிருமிக்குக் குடல் சுவரைத் தாண்டும் சாவி தேவைப்படவில்லை.

ரத்தத்துல சத்து எல்லாம் இருக்கே. கிருமிக்கு அங்க சாப்பாட்டுக்கு என்ன பஞ்சம்?

இரும்புக்குப் பஞ்சம். இரும்பு இல்லாமல் பெரும்பாலான கிருமிகளால் பெருக முடியாது. நம் உடம்பு அதை ஹீமோகுளோபினிலும், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினிலும் பூட்டி வைத்திருக்கிறது. ஈ.கோலை, சால்மொனெல்லா போன்றவை இரும்பைக் கவ்வும் சின்ன மூலக்கூறுகளை வெளியே அனுப்புகின்றன. சிடரோஃபோர் என்று பெயர். இரும்போடு அது திரும்பி வரும்போது போரின் வழியாக நுழைய முடியாத அளவு பெரிதாகிவிடும். அதனால் தனிக் கதவு வேண்டும். ஃபெப்-ஏ, ஐரோ-என், சிர்-ஏ என்று ஒவ்வொரு சிடரோஃபோர் வகைக்கும் ஏற்ற வெளிச்சவ்வுப் புரதங்கள் இருக்கின்றன. இவை திறக்க, செல்சுவருக்கு உள்ளே இருக்கும் உள்சவ்விலிருந்து டான்-பி என்ற புரதம் வழியாகச் சக்தி வந்து சேரவேண்டும்.

இதற்கு நம் உடம்பும் பதில் வைத்திருக்கிறது. நம் வெள்ளணுக்கள் லிப்போகாலின்-2 என்ற புரதத்தை விடுகின்றன, அது ஈ.கோலையின் வழக்கமான சிடரோஃபோரை வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். சால்மொனெல்லா அதற்கும் வழி செய்திருக்கிறது. அதே சிடரோஃபோரில் குளுக்கோஸை ஒட்டவைத்து வடிவத்தை மாற்றிவிடுகிறது. லிப்போகாலினால் பிடிக்க முடியாது, ஐரோ-என் கதவு மட்டும் அதை ஏற்கும். மெனிங்கோகாக்கஸும் கொனோரியா கிருமியும் சிடரோஃபோரே தயாரிப்பதில்லை. நம் டிரான்ஸ்ஃபெரினைத் தங்கள் வெளிச்சவ்வுக் கதவில் நேராகக் கட்டிவைத்து இரும்பை உருவிக்கொள்கின்றன.

அப்போ காய்ச்சல் நேரத்துல இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திடணுமா அக்கா?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். ஆனால் ஒரு கூட்டத்தார் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்கவேண்டும்: தலசீமியா உள்ள பிள்ளைகளின் பெற்றோர். அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடம்பில் சேரும் அதிக இரும்பை எடுக்க டெஸ்ஃபெராக்ஸமின் ஊசி போடுவார்கள். அந்த மருந்தே மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் சிடரோஃபோர்தான். யெர்சினியா என்டெரோகோலிட்டிகா என்ற கிருமியிடம் அதற்குப் பொருந்தும் கதவு உண்டு, பெயர் ஃபாக்ஸ்-ஏ. நமக்காகப் போட்ட மருந்து அதற்கு இரும்பு கொண்டுபோய்க் கொடுத்துவிடும். இந்த ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய், டெஸ்ஃபெராக்ஸமின் போடுவதைச் சொல்லுங்கள்.

ஓ குரூப் ரத்தம் உள்ளவங்களுக்கு அல்சர் அதிகம்னு சொல்றது உண்மையா? அதுக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம்?

சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண் ஓ பிரிவினரிடம் சற்று அதிகம் என்பது 1950-களிலேயே கவனிக்கப்பட்டது. அல்சருக்குப் பெரிய காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரியிடம் பாப்-ஏ என்ற வெளிச்சவ்வுப் புரதம் உண்டு. லூயிஸ்-பி என்ற ரத்தப்பிரிவுச் சர்க்கரையை அது பிடிக்கிறது. அந்தச் சர்க்கரை ஓ பிரிவினரின் வயிற்றுச் சுவரில் திறந்தபடி இருக்கும். ஏ பிரிவினரிடம் அதன் மேல் இன்னொரு சர்க்கரை உட்கார்ந்திருக்கும். ஆனால் உலகின் பெரும்பாலான பகுதிகளில் இருக்கும் கிருமிகள் இரண்டையும் பிடிக்கப் பழகியவை. ஓ பிரிவினர் மிக அதிகமாக வாழும் தென் அமெரிக்கப் பழங்குடியினரிடம் கிடைத்த கிருமிகளோ ஓ வகையை மட்டும் பிடிப்பவை. அந்த ஊர் மக்களுக்கு ஏற்றபடி கிருமியின் கையும் மாறியிருக்கிறது. ஓ குரூப் என்பதற்காக யாரும் பயப்படவேண்டாம். கிருமி இருக்கிறதா என்று பரிசோதித்துச் சிகிச்சை எடுத்துக்கொள்வதுதான் முக்கியம்.

ஒரு தடவை வந்தா எதிர்ப்பு சக்தி வரணுமே. கொனோரியா ஏன் திரும்பத் திரும்ப வருது?

இதற்கு விடை அதன் மரபணுவில் எழுதியிருக்கும் ஐந்து எழுத்தில் இருக்கிறது. கொனோரியா கிருமியின் ஒட்டும் புரதங்களுக்கு ஓபா என்று பெயர். ஒரே கிருமியிடம் சுமார் 11 ஓபா மரபணுக்கள் உண்டு, ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு மாதிரி. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் சி-டி-சி-டி-டி என்ற ஐந்து எழுத்து பல தடவை திரும்ப வரும். கிருமி பிரியும்போது நகலெடுப்பதில் வழுக்கல் ஏற்பட்டு, அந்த ஐந்தெழுத்து ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கவேண்டும். ஐந்து கூடினாலோ குறைந்தாலோ வரிசை பிசகி அந்தப் புரதம் உருவாகாமல் நின்றுவிடும். இன்னொரு வழுக்கலில் மீண்டும் சரியாகும். இப்படி 11 விளக்குகள் தன்பாட்டில் அணைந்து எரிந்துகொண்டிருக்க, ஒரே தொற்றுக்குள்ளேயே பல முகங்கள். ஒரு முகத்துக்கு ஆன்டிபாடி தயாராவதற்குள் வேறு முகம் வந்துவிடும்.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. ஆர்எம்பி என்ற வெளிச்சவ்வுப் புரதம் மாறுவதே இல்லை, நம் உடம்பு அதற்கு ஆன்டிபாடி தயாரிக்கும். ஆனால் அந்த ஆன்டிபாடி கிருமியைக் கொல்வதில்லை. கொல்லக்கூடிய மற்ற ஆன்டிபாடிகளின் வேலையையும் தடுத்துவிடுகிறது. ஆன்டிபாடி இருந்தாலே பாதுகாப்பு என்று பிள்ளைகள் எழுதும்போது நான் இந்த உதாரணத்தைத்தான் காட்டுகிறேன்.

ஆன்டிபயாட்டிக் கேக்காம போறதுக்கும் இந்தக் கதவுகளுக்கும் சம்பந்தம் இருக்கா?

நேரடியாக. இரண்டாவது கேள்வியில் சொன்ன போரின் வழியாகத்தான் பென்சிலின் குடும்பத்து மருந்துகள் உள்ளே போகின்றன. கதவைக் குறைத்தால் மருந்து குறையும். கிளெப்சியெல்லாவிடம் ஓம்ப்கே-35, ஓம்ப்கே-36 என்று இரண்டு முக்கியக் கதவுகள். மருந்தை உடைக்கும் நொதி ஏற்கனவே உள்ள கிருமி இந்த இரண்டையும் இழந்தால், மெரோபெனம், எர்ட்டாபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளும் தடுமாறும். தட்டில் இதன் சாயல் சில சமயம் கண்ணுக்கே தெரியும். எர்ட்டாபெனம் ஊறிய காகித வட்டைச் சுற்றிக் கிருமி நெருங்கி வளர்ந்திருக்க, பக்கத்தில் மெரோபெனம் வட்டைச் சுற்றி இன்னும் தெளிவான வளையம் இருக்கும். எர்ட்டாபெனம் முதலில் பலனிழப்பது கதவு மூடியதன் ஓர் அறிகுறி.

சூடோமோனாஸில் கதை வேறு. அதன் ஓபிஆர்-டி என்ற கதவு சில அமினோ அமிலங்களுக்கானது. இமிபெனம் என்ற கார்பபெனம் அந்த அமிலங்களைப் போல இருப்பதால் அதே வழியில் நுழைகிறது. ஓபிஆர்-டி போனால் இமிபெனமும் போச்சு.

கதவை மூடிக்கிட்டா கிருமிக்கே சாப்பாடு போகாதே. அது பலவீனமாயிடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, ஏனென்றால் இந்தத் துறையின் நடுக்கேள்வியே இதுதான். உணவும் மருந்தும் ஒரே வாசலில் வருகின்றன. மூடினால் பசி, திறந்தால் மரணம். ஓம்ப்கே-36-ஐ முழுக்க இழந்த கிளெப்சியெல்லா, எலிகளில் முன்போல நோய் உண்டாக்கச் சிரமப்படுகிறது.

ஆனால் மருத்துவமனைகளில் பரவும் சில கிளெப்சியெல்லா வகைகள் நடுவழி கண்டிருக்கின்றன. கதவைக் கழற்றவில்லை. துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்பில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் செருகித் துளையைக் குறுக்கிவிட்டன. குளுக்கோஸ் வரும், மெரோபெனத்துக்கு இடம் போதாது. சூடோமோனாஸில் இன்னும் மோசம். ஓபிஆர்-டி இழந்த வகைகள் எலிகளில் பலவீனமாகாமல், முன்னைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தன. அதனால் மருந்துக்கு அடங்காத கிருமி பலவீனமானது என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. எந்தக் கிருமி, எந்தக் கதவு என்று கேட்டுத்தான் பதில் சொல்லவேண்டும்.

ரிப்போர்ட்ல என்டிஎம்னு போட்டிருக்கீங்க. அதுவும் வெளிச்சவ்வுல இருக்கிறதா?

ஆமாம், பலருக்குத் தெரியாத விஷயம் இது. என்டிஎம்-1 கார்பபெனத்தை உடைக்கும் நொதி. 2010-இல் வந்த பெரிய ஆய்வில் சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த மாதிரிகள் இருந்தன. நம் ஊர் லேபில் வேலை செய்கிறவர்களுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. இதே வகை நொதிகள் பல, இரண்டு சவ்வுகளுக்கும் இடையில் மிதந்துகொண்டிருக்கும். என்டிஎம்-1 மட்டும் ஒரு கொழுப்பு வாலால் வெளிச்சவ்வின் உள்பக்கம் நங்கூரம் போட்டுக்கொள்கிறது. நொதி வேலை செய்யத் துத்தநாகம் வேண்டும். தொற்று நேரத்தில் நம் உடம்பு துத்தநாகத்தையும் இரும்பைப் போலவே ஒளித்துவைக்கும். மிதக்கும் நொதிகள் அப்போது சிதைந்துவிடும், நங்கூரம் போட்டது தாக்குப்பிடிக்கும்.

இன்னொன்று. கிராம் நெகட்டிவ் கிருமிகள் தங்கள் வெளிச்சவ்விலிருந்து குமிழிகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சவ்வில் ஒட்டிய என்டிஎம்-1 அந்தக் குமிழிகளிலும் ஏறிப் போய், பக்கத்தில் இருக்கும் கிருமிகளையும் மருந்திலிருந்து காப்பாற்றுகிறது.

சவ்வுல அதிகமா இருக்கிற புரதம்தான் நோய்க்குக் காரணம்னு எடுத்துக்கலாமா?

கூடாது. எலிக்காய்ச்சல் உண்டாக்கும் லெப்டோஸ்பைராவைப் பாருங்கள். அதன் வெளிச்சவ்வில் மிக அதிகமாக இருப்பது லிப்-எல்-32. நோய் உண்டாக்கும் வகைகளில்தான் அது இருக்கிறது, சாதுவான வகைகளில் இல்லை. அதுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றும். 2009-இல் அந்த மரபணுவை உடைத்துப் பார்த்தார்கள். கிருமி விலங்குகளுக்கு முன்போலவே நோய் கொடுத்தது. மாறாக லோவா-22 என்ற புரதத்தை இழந்த கிருமியால் நோய் உண்டாக்க முடியவில்லை என்று 2007-இலேயே தெரிந்திருந்தது.

ஒரு புரதம் நோய்க்குக் காரணம் என்று சொல்ல, மரபணுவை நீக்கினால் வீரியம் குறையவேண்டும், திரும்ப வைத்தால் வீரியம் திரும்பவேண்டும். மேலே சொன்ன ஃபால்கோ 1988-இல் இந்த விதிகளை எழுதினார். லிப்-எல்-32 முதல் படியிலேயே தோற்றது. ஆனாலும் நோயைக் கண்டறியும் பரிசோதனைகளுக்கு அது நல்ல அடையாளம்.

இந்தப் புரதங்களை வச்சுத் தடுப்பூசி செய்ய முடியாதா?

செய்திருக்கிறார்கள். மெனிங்கோகாக்கஸின் பி பிரிவுக்கு உறையை வைத்துத் தடுப்பூசி செய்ய முடியவில்லை, ஏனென்றால் அந்த உறைச் சர்க்கரை நம் நரம்புத் திசுவில் இருப்பதைப் போலவே இருக்கிறது. உடம்பு அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. அதனால் வெளிச்சவ்வுப் புரதங்களை எடுத்துக்கொண்டார்கள். ஃபாக்டர் ஹெச்சைப் பிடிக்கும் புரதம் முதலானவற்றோடு செய்த பெக்ஸெரோ 2013-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அதில் வெளிச்சவ்வுக் குமிழிகளும் சேர்ந்திருக்கின்றன. காவலரைப் பிடிக்கும் கையிலேயே ஆன்டிபாடி வந்து உட்கார்ந்தால், கிருமிக்குக் காவலும் போய்விடும்.

நியூசிலாந்தில் 2004 முதல் இப்படிப்பட்ட குமிழித் தடுப்பூசி போட்டவர்களிடம் கொனோரியா சுமார் 31 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2017-இல் கணக்கிட்டார்கள். இரண்டு கிருமிகளும் நெருங்கிய உறவு, வெளிச்சவ்வும் பாதி ஒன்றுதான். பிரான்சில் பெக்ஸெரோவை வைத்து நடந்த சோதனையில் தெளிவான பலன் கிடைக்கவில்லை. இருந்தும் தொற்று அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு இங்கிலாந்து 2025 ஆகஸ்டில் பெக்ஸெரோவைக் கொடுக்கத் தொடங்கியது. ஓபாவின் ஆட்டத்தைப் பார்த்தபின், ஓரளவு பலன் கிடைத்தாலும் அதை விடக்கூடாது என்பதே என் எண்ணம்.

கிருமியோட கதவையே நம்ம மருந்துக்குப் பயன்படுத்த முடியாதா?

முடியும். 2019 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெராகால் அப்படிப்பட்டது. மருந்தோடு ஒரு சிடரோஃபோரை ஒட்டியிருக்கிறார்கள். அது இரும்பைக் கவ்விக்கொள்ள, பசியில் இருக்கும் கிருமி தன் இரும்புக் கதவைத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. போரின் மூடியிருந்தாலும் கவலை இல்லை. ஆனால் சிர்-ஏ கதவை இழந்த கிளெப்சியெல்லாக்கள் இதற்கும் அடங்காமல் வந்திருக்கின்றன. ஒரு கதவு போனால் இரும்புக்கு வேறு கதவுகள் அதனிடம் இருக்கின்றன.

அதனால்தான் கழற்றவே முடியாத ஒன்றைத் தேடுகிறார்கள். பாம்-ஏ என்ற வெளிச்சவ்வுப் புரதம் கதவு இல்லை, கதவுகளைப் பொருத்தும் தச்சர். மேலே பெயர் சொன்ன பீப்பாய்கள் எல்லாம் அதன் உதவியோடுதான் சவ்வில் ஏறுகின்றன. அது நின்றால் கிருமியால் உயிர்வாழ முடியாது. பூச்சிகளைக் கொல்லும் புழுக்களின் குடலில் வாழும் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியாவிடமிருந்து டாரோபாக்டின் என்ற மூலக்கூறை 2019-இல் பிரித்தெடுத்தார்கள். அது பாம்-ஏவைப் போய்ப் பூட்டுகிறது. கிராம் நெகட்டிவ் கிருமிகளின் முதல் சிக்கல் மருந்தை உள்ளே கொண்டுபோவது, பாம்-ஏவோ வெளியிலேயே இருக்கிறது. டாரோபாக்டின் அதைத் தொட வெளிச்சவ்வைத் தாண்டவே வேண்டியதில்லை.